மௌனத்திற்காக வழக்குரைத்தோர்

பேச்சுரிமையை நம் அரசியல் சாசனம் 19-ஆம் பிரிவில் வைத்துள்ளது. மனச்சான்றின் வழி சமயம் ஒழுகும் உரிமையை 25-ஆம் பிரிவில் வைத்துள்ளது. ஏட்டில் உள்ள உரிமை எளியவர் கைக்கு வந்து சேர இடையில் ஒரு வழக்குரைஞர் வேண்டியிருக்கிறது. அவ்வாறு வந்து சேர்ந்த ஒரு வரலாற்றை நம் இல்லங்களில் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து பயிலுதல் நன்று. அது நம் சமயத்தார் நடத்திய வழக்கன்று. ஆயினும் நமக்கு எத்துணை நெருங்கியது என்பது போகப்போக விளங்கும்.

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூர்ப் பள்ளி ஒன்றில் உடன்பிறந்த மூவர் 10, 9, 5-ஆம் வகுப்புகளில் பயின்று வந்தனர். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர். காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். பாட்டின் சொல்லிலோ கருத்திலோ அவர்களுக்கு மறுப்பில்லை. பாடுதல் தம் சமய நெறிக்கு ஒவ்வாது என்பதே அவர்கள் நம்பிக்கை. அதே பள்ளியில் முன்னர்ப் பயின்ற அவர்களுடைய தமக்கையரும் இவ்வாறே நின்றனர்; யாரும் குறை கூறவில்லை.

1985 ஜூலையில் இதனைக் கண்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவையில் வினா எழுப்பினார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் ஒழுங்குள்ளவர்கள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றே அக்குழு அறிக்கை தந்தது. அதன் பின்னும், கல்வித்துறை அதிகாரியின் ஆணைப்படி 26.7.1985 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையிலாவது பிள்ளைகளை அனுமதிக்குமாறு தந்தை வேண்டினார். அரசாணையின்றி இயலாது என்பதே விடை. அந்த அம்மையாரை நான் கடிந்துரைக்க மாட்டேன். ஒரு கையில் சுற்றறிக்கையும் எதிரே பிள்ளையின் முகமுமாக நிற்கும் இக்கட்டு ஆசிரியத் தொழிலில் இருந்தவர் அறிந்ததே.

கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும், பின்னர் இருவர் அமர்வும் மனுவைத் தள்ளிவிட்டனர். எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தும் சொல் நாட்டுப்பண்ணில் இல்லை என்பது அவர்கள் கண்ட காரணம். உண்மைதான், ஆனால் அது பிள்ளைகள் எழுப்பாத வினாவுக்கு அளித்த விடை.

உச்ச நீதிமன்றத்தில் அப்பிள்ளைகளுக்காக எழுந்து நின்றவர்களுள் முதன்மையானவர் பாலி நாரிமன் (1929 – 2024). அவர் பார்சி சமயத்தவர்; எண்ணிக்கையில் நம்மினும் சிறிய சமூகத்தில் பிறந்தவர். 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியைத் துறந்தவர். தமக்கு உரியதல்லாத ஒரு நம்பிக்கைக்காக வாதிட்டார் என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்க.

11.8.1986 அன்று நீதியரசர்கள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் தீர்ப்பளித்தனர். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அது வழங்கப்படுகிறது. நாட்டுப்பண்ணைப் பாடியே தீரவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாடுவோரைத் தடுப்பதையும் கூட்டத்தைக் குலைப்பதையும் தான் தண்டிக்கிறது. துறையின் சுற்றறிக்கை சட்டமாகாது; சட்டத்தால் அன்றிப் பேச்சுரிமையைக் குறுக்க இயலாது. பேச்சுரிமையில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும். பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணை பிறந்தது.

பேசாதிருத்தலும் ஒரு செயலே என்பது நமக்குப் புதிய செய்தியன்று. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று குப்திகளுள் வசன குப்தியைப் பயின்றவர்கள் நாம். ஆயினும் அது நீதிமன்ற மொழியில் உரிமையாக எழுதப்பட, வேறொரு சமயத்துப் பள்ளிப் பிள்ளைகள் வேண்டியிருந்தனர்.

தீர்ப்பில் எடுத்தாளப்பட்ட அமெரிக்க வழக்குகள் இரண்டையும் சுருங்கச் சொல்வேன். கொடி வணக்கம் செய்ய மறுத்ததற்காக 1935-இல் பென்சில்வேனியாவில் நீக்கப்பட்ட சிறுவர்களின் வழக்கு 1940-இல் எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் தோற்றது. அதன்பின் நாடெங்கும் அப்பிரிவினர் தாக்கப்பட்டனர். மூன்றே ஆண்டுகளில், 14.6.1943 அன்று, மேற்கு வர்ஜீனியச் சிறுமியர்க்காக ஹேடன் கோவிங்டன் என்னும் வழக்குரைஞர் வாதிட்ட வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. (இரு வழக்குகளிலும் குடும்பப் பெயரை நீதிமன்றப் பதிவேடு பிழையாக எழுதியது, அப்பிழையோடுதான் இன்றும் உலகம் அவற்றை அறிகிறது.)

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஓர் அளவுகோலை வைத்தது: ஒரு நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்கோ உணர்வுக்கோ உகந்ததா என்பது கேள்வியன்று, அது மெய்யாகவும் மனச்சான்றோடும் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி. ஆனால் நீதிமன்றங்களில் வேறோர் அளவுகோலும் உண்டு. சென்னை மாகாணச் சட்டம் ஒன்றைப் பற்றி எழுந்த சிரூர் மடத்து வழக்கில் 1954-இல் பிறந்தது அது: ஒரு வழக்கம் அச்சமயத்திற்கு இன்றியமையாததா? அதை அச்சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே காணவேண்டும் என்பது அன்றைய தீர்ப்பு.

சல்லேகனை வழக்கில் நம்மை அளந்தது இந்த இரண்டாம் கோல். ஜெய்ப்பூர் வழக்குரைஞர் ஒருவர் 2006-இல் மனுச் செய்தார். 10.8.2015 அன்று இராஜஸ்தான் உயர் நீதிமன்றம், சல்லேகனை சமண சமயத்திற்கு இன்றியமையாதது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, அதனை அன்றைய தண்டனைச் சட்டத்தின் 309, 306 பிரிவுகளின்கீழ்த் தற்கொலை முயற்சியாகவும் தற்கொலைக்குத் தூண்டுதலாகவும் கருதுமாறு ஆணையிட்டது. 24.8.2015 அன்று நாட்டின் பல நகரங்களில் சமணர்கள் மௌன ஊர்வலம் சென்றனர். 31.8.2015 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது.

அன்றைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய வடிவில் இல்லை. தூண்டுதல் பற்றிய பிரிவு இருக்கிறது. சல்லேகனை நோற்பவரைச் சூழ்ந்து பணிவிடை செய்வோரைப் பற்றிய கவலை ஆகையால் தீர்ந்துவிடவில்லை.

‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்னும் சொல்லே என் நெஞ்சில் தைத்தது. வழக்குரைஞர் எத்துணை வல்லவராயினும் தம் கைக்கு வந்த சான்றைக் கொண்டே பேச முடியும். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்குத் தனிப் பகுதியே உண்டு. அந்நூலைத் தழுவிய அருங்கலச்செப்பு தமிழில் நம் வீடுகளில் உள்ளது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டினது. 30 நாள் நோற்ற இளைய பட்டாரரின் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. நூலில் விதி, கல்லில் ஒழுக்கம் என இரண்டும் தமிழிலேயே கிடைக்கின்றன.

அடுத்த விடுமுறையில் செஞ்சி வழியே செல்லும் குடும்பங்கள் குன்றேறிப் பிள்ளைகளை அவ்வெழுத்துகளைத் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். கல்வெட்டுகளில் ‘ஐ’ என்னும் எழுத்தை முதன்முதல் அங்கே காண்கிறோம் என்பர் அறிஞர். அது நிற்பது ‘ஐம்பத்தேழ்’ என்னும் நோன்புக் கணக்கின் தலைப்பில்.