மரை பொருந்தினால் போதுமா?
மோட்டார் ஹோம் கேஸும் வெளிப்புற கிரில்லும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்புகிறவர்களுக்கு, சாயங்காலம் முகாமில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை வெளியே கிரில்லைப் பற்றவைப்பதுதான். வண்டிக்கு அடியில் பெரிய புரொப்பேன் டாங்க் இருக்கிறது. உள்ளே அடுப்பு, ஹீட்டர், வெந்நீர், பல வண்டிகளில் ஃபிரிட்ஜ்கூட அதில்தான் ஓடுகிறது. அப்படியிருக்க, கிரில்லுக்கு மட்டும் ஏன் ஒரு பவுண்டு பச்சை சிலிண்டர்களை வாங்கி வாங்கித் தூக்கி எறிய வேண்டும்? நியாயமான கேள்வி. டாங்க் கேஸிலேயே கிரில்லை எரிக்கலாம், நன்றாகவே எரியும். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் யோசனைகளில் பாதி அரைகுறை. சில ஆபத்தானவை.

நம்பிக்கை: கேஸ் எங்கிருந்து வந்தாலும் கேஸ்தான். மரை பொருந்தினால் வேலை முடிந்தது.

உண்மை: மரை பொருந்துவது எதற்கும் அத்தாட்சி இல்லை. பார்க்க வேண்டியது அழுத்தம்.

டாங்குக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. 21 டிகிரி செல்சியஸில் உள்ளே அழுத்தம் சுமார் 125 பி.எஸ்.ஐ. வெயில் 38 டிகிரிக்கு ஏறினால் 170-ஐத் தாண்டிவிடும். டாங்கை ஒட்டியுள்ள இரண்டு கட்ட ரெகுலேட்டர் இதை முதலில் 10 பி.எஸ்.ஐ. அளவுக்கும், அடுத்த கட்டத்தில் மிகச் சொற்பமான அழுத்தத்துக்கும் இறக்கி வண்டிக்குள் அனுப்புகிறது. அந்தச் சொற்ப அழுத்தத்தை அங்குள்ள மெக்கானிக்குகள் தண்ணீரை வைத்துச் சொல்வார்கள்: 11 அங்குலம். ஒரு குழாயில் தண்ணீரை 11 அங்குல உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் அது. பி.எஸ்.ஐ. கணக்கில் 0.4. டாங்கில் இருப்பதில் முந்நூறில் ஒரு பங்கு.

மில்லிபாரில் சொன்னால் இது 27. நம் ஊர் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர் தருவது கிட்டத்தட்ட 30. ஆக, மோட்டார் ஹோமின் உள்குழாயில் ஓடுவதும் நமக்குப் பழகிய அடுப்படி அழுத்தம்தான். வித்தியாசம் கிரில்லில் இருக்கிறது. நம் ஊரில் ரெகுலேட்டர் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும். அடுப்பில் ஒன்றும் கிடையாது. கையில் தூக்கிப் போகும் அமெரிக்க கிரில்லில் கதை தலைகீழ். பச்சை சிலிண்டரின் தலையில் வெறும் வால்வு மட்டுமே இருப்பதால், ரெகுலேட்டர் கிரில்லோடு சேர்ந்தே வருகிறது. முழு டாங்க் அழுத்தம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது.

எனவே ஹோஸை மாட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் கேஸ் எடுக்கும் இடம் வண்டியின் ரெகுலேட்டருக்கு முன்னாலா, பின்னாலா? பல வண்டிகளின் பக்கவாட்டில், ஹோஸை அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் குவிக் கனெக்ட் வாய் ஒன்று இருக்கும். அது ரெகுலேட்டருக்குப் பின்னால், 11 அங்குல அழுத்தத்தில் இருப்பது. இன்னொரு வழி, டாங்குக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் ஒரு டீ (T வடிவ) இணைப்பைப் பொருத்துவது. மோட்டார் ஹோமின் டாங்க் வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. கழற்றி எடுத்துப்போய் நிரப்ப முடியாது. நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்கள் வெளியிலிருந்து 20 பவுண்டு சிலிண்டரை இணைத்துக்கொள்வதற்காகத்தான் அந்த டீ முக்கியமாக விற்கப்படுகிறது. அதிலேயே பச்சை சிலிண்டரின் அதே மரையுள்ள ஒரு வாயும் இருக்கும். அங்கே வருவது முழு டாங்க் அழுத்தம்.

நம்பிக்கை: ரெகுலேட்டர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு.

உண்மை: இரட்டைப் பாதுகாப்பு இல்லை, அரை வெப்பம்தான். பக்கவாட்டுக் குவிக் கனெக்டில், ரெகுலேட்டரோடு கூடிய கிரில்லை அப்படியே மாட்டினால், ஏற்கெனவே 11 அங்குலத்துக்கு இறங்கிய கேஸ் இன்னொரு ரெகுலேட்டருக்குள் நுழைந்து மேலும் இளைத்து வெளியே வரும். சுடர் சோம்பலாக எரியும். கோழித்துண்டு வதங்குமே தவிர மேலே நிறம் பிடிக்காது. "கிரில் சரியில்லை" என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. கிரில் மேல் தப்பே இல்லை.

நம்பிக்கை: அப்படியானால் கிரில்லின் ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் எந்த கிரில்லும் ஓடும்.

உண்மை: இங்கேதான் அரைகுறை யோசனை ஆபத்தான யோசனையாக மாறுகிறது. ஒரு பர்னரின் ஜெட் துளை எந்த அழுத்தத்துக்கென்று போடப்பட்டதோ, அந்த அழுத்தத்தில்தான் சரியாக எரியும். சில கிரில்களின் ரெகுலேட்டர் உள்ளுக்குள் அதே 11 அங்குலத்துக்குத்தான் இறக்குகிறது. அவற்றில் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு வண்டியின் தாழ்வழுத்த வாயில் மாட்டினால் கணக்கு சரியாக வரும். வேறு பல கேம்ப் அடுப்புகளும் கிரில்களும் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் எரியும்படி, மிகச் சிறிய ஜெட்டோடு செய்யப்பட்டவை. அவற்றைத் தாழ்வழுத்தத்தில் மாட்டினால் சுடர் விளக்குத் திரி அளவுக்குத்தான் நிற்கும். சிலவற்றில் சுடரைக் கூட்டிக் குறைக்கும் குமிழே ரெகுலேட்டரோடு சேர்ந்தது. அதை எடுத்துவிட்டால் கட்டுப்பாடும் போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரிய அபாயம் பிறகு வருவது. ரெகுலேட்டர் இல்லாமல் மாற்றிய கிரில்லை, அடுத்த ஆண்டு வேறு யாரோ பச்சை சிலிண்டரிலோ டீயின் உயரழுத்த வாயிலோ மாட்டுகிறார்கள். ஏதோ ஒரு அடாப்டர் கிடைத்துவிடும், மரை பொருந்தும். முந்நூறு மடங்கு அழுத்தம் நேரே பர்னருக்குப் போகும். என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கழற்றி மாட்டும் வேலையைவிட, மோட்டார் ஹோமுக்கென்றே ரெகுலேட்டர் இல்லாமல், குவிக் கனெக்ட் ஹோஸோடு விற்கப்படும் கிரில்லை வாங்குவது எவ்வளவோ மேல். இருக்கிற கிரில்லைத்தான் பயன்படுத்துவேன் என்றால், அதன் ரெகுலேட்டரைத் தொடாமல் டீயின் உயரழுத்த வாயில், உயரழுத்தத்துக்கென்று முத்திரையிட்ட ஹோஸால் இணைக்கலாம். தாழ்வழுத்த ஹோஸை அங்கே மாட்டக் கூடாது.

நம்பிக்கை: வீட்டுப் பின்கட்டில் இயற்கை எரிவாயுவில் ஓடும் கிரில்லையும் எடுத்துப் போகலாம், அதுவும் தாழ்வழுத்தம்தானே, வாயும் ஒரே மாதிரி.

உண்மை: வாய் ஒரே மாதிரி இருப்பதுதான் வினை. அமெரிக்க வீடுகளில் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு ஒரு கன அடிக்குச் சுமார் 1,000 பி.டி.யு. வெப்பம் தரும், புரொப்பேன் சுமார் 2,500. வீட்டு கிரில்லின் ஜெட் துளை அதனால் பெரிதாக இருக்கும். அதில் புரொப்பேனை விட்டால் மஞ்சள் சுடர் மூடியைத் தாண்டி எழும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு கூடும். அந்த கிரில்லை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: திறந்தவெளிதானே, கசிந்தாலும் மேலே போய்க் கலைந்துவிடும், இல்லையென்றால் நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும்.

உண்மை: புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்றில்லாத மாலையில் அது மேலே போகாது. தரையோடு படர்ந்து வண்டிக்கு அடியிலும், கீழ்ப்பக்கச் சாமான் அறைகளிலும் தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கலந்தாலே தீப்பிடிக்கும். வண்டிக்குள் கேஸ் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்தியிருப்பதும் இந்தக் கனத்தினால்தான். ஆனால் வெளியே நடப்பது அந்த அலாரத்துக்குத் தெரியாது. நாற்றத்துக்காக எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அதை மோந்துகொண்டே இருந்தால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வயதானவர்களின் மூக்கில் உறைப்பதும் குறைவு.

சோப்புத் தண்ணீர் போதும். இணைத்ததும் ஒவ்வொரு மூட்டிலும் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழைய பழக்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். குமிழி வந்தால் டெஃப்லான் டேப்பைச் சுற்றி அடைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மோட்டார் ஹோம் கேஸ் குழாயில் பல மூட்டுகள் ஃப்ளேர் வகை. இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று அழுந்தி அடைபடுபவை. மரையில் டேப் சுற்றினால் அவை சரியாக உட்காராது.

நம்பிக்கை: குவிக் கனெக்ட் தானே மூடிக்கொள்ளும், அணைக்க கிரில்லின் குமிழைத் திருப்பினால் போதும்.

உண்மை: குமிழை மட்டும் மூடினால் ஹோஸ் முழுக்க கேஸ் நிற்கும். முதலில் வண்டிப் பக்க வால்வை மூடுங்கள். ஹோஸில் மிச்சமிருப்பது எரிந்து சுடர் தானாக அணையட்டும். பிறகு குமிழ், கடைசியில் ஹோஸ். வாயில் தூசி மூடியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். மண்ணும் பூச்சியும் புகுந்த வாய் நாளைக்கு முழுதாக மூடாது.

நம்பிக்கை: கிரில்லை மாட்டினால் டாங்க் இரண்டே நாளில் காலி, ஹீட்டருக்கு மிஞ்சாது.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேலன் புரொப்பேனில் சுமார் 91,500 பி.டி.யு. வெப்பம். சின்ன கிரில் ஒன்று முழுச் சுடரில் மணிக்கு 8,500 பி.டி.யு. எரிக்கும் என்று வைத்தால், ஒரு கேலனில் கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம் சமைக்கலாம். குளிர் இரவில் மணிக்கு 30,000 பி.டி.யு. விழுங்கும் ஹீட்டர்தான் டாங்கைக் காலி செய்கிறது. அதே கிரில்லுக்குப் பச்சை சிலிண்டர் இரண்டரை மணி நேரம் வரும். பவுண்டுக்குப் பவுண்டு பார்த்தால் டாங்க் கேஸைவிட விலையும் கூடுதல்.

நம்பிக்கை: காலியான பச்சை சிலிண்டரை நாமே நிரப்பிக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

உண்மை: நிரப்பித் தரும் அடாப்டர்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய சிலிண்டரை மறுபடி நிரப்பி வண்டியில் எடுத்துச் செல்வது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். 5 லட்சம் டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்று சிலிண்டரின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2028 ஜனவரி 1 முதல் இந்த ஒருமுறை சிலிண்டர்களை விற்கவே கூடாது. நிரப்பிப் பயன்படுத்தும்படி செய்த ஒரு பவுண்டு சிலிண்டர்களும் சந்தையில் உண்டு. நிரப்ப ஆசையென்றால் அவற்றை வாங்கலாம்.

நம்பிக்கை: மழை வந்தால் கிரில்லை வண்டியின் பந்தலுக்கு அடியில் தள்ளிக்கொள்ளலாம்.

உண்மை: பந்தல் துணி எரியும், திறந்த ஜன்னல் வழியே புகை உள்ளே போகும். மழை வந்தால் கிரில்லை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சமைப்பதே வழி.

வாடகை வண்டியென்றால் எதையும் கழற்றவோ டீ பொருத்தவோ வேண்டாம். சாவி வாங்கும்போதே பக்கவாட்டில் தாழ்வழுத்த வாய் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்த ஒரு வாரத்துக்குப் பச்சை சிலிண்டரே சரி.