அடைக்கலமாக வந்த மைலோ



"வீட்டில் நாய் வளர்க்க யாருக்கு ஆசை?" என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவாங்க. "வந்த நாய் இரண்டாவது வாரமே தொல்லை கொடுத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் தூக்கின கை எல்லாம் மெதுவா இறங்கிடும். இந்த மாதப் பாடம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்கவில்லை.

முதல் மூன்று நாள்

ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறையில், விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு பழுப்பு நிற நாயைக் கொண்டு வந்தோம். வயது ஏறக்குறைய இரண்டு. நிறத்தைப் பார்த்துத் தம்பி 'மைலோ' என்று பெயர் வைத்தான்.

வந்த அன்றே சித்தப்பா குடும்பம், மாமா பிள்ளைகள், தாமான் நண்பர்கள் என்று பன்னிரண்டு பேர் பார்க்க வந்துவிட்டார்கள். ஆளாளுக்குத் தடவினார்கள், படம் எடுத்தார்கள். மைலோ துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இதுக்கு நம்மளைப் பிடிக்கல போல" என்று தம்பி அழுதான்.

பிடிக்காமல் இல்லை, பயம். புது வீடு, புது வாசனை, புது முகங்கள். காப்பகங்களில் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: பயம் கொஞ்சம் தெளிய மூன்று நாள், வீட்டுப் பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். இது ஒரு தோராயம்தான். சில நாய்களுக்கு இன்னும் நாளாகும். முதல் சில நாட்கள் விருந்தாளிகள் வேண்டாம். ஓர் அமைதியான மூலை, தண்ணீர், குறித்த நேரத்தில் சாப்பாடு, இவை போதும். அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். இது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம்

பயம் தெளிந்ததும் குறும்பு தொடங்கியது. அப்பாவின் புதுச் செருப்பைக் கடித்தது. பாட்டியின் சாமி அறை வாசலில் சிறுநீர் கழித்தது. பாட்டிக்கு முதலிலிருந்தே விருப்பமில்லை. "சாமி இருக்கிற வீட்டுல நாயா?" என்றார். அம்மா மெதுவாக, "பைரவர் பக்கத்துல நிக்கிறது யாரு அத்தை?" என்றார். பாட்டி விடவில்லை. "கோயில்ல நிக்கட்டும், என் விளக்குக்கிட்ட வேண்டாம்!"

அப்பாவுக்கு இரவு வேலை. காலையில்தான் தூங்குவார். வாசலில் மோட்டார் சைக்கிள் போனாலே மைலோ குரைக்கும். ஒரு வாரம் தூக்கம் கெட்ட மனுஷன் என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்து, சாப்பிடும் தட்டைத் தம்பி இழுக்கப் போக, மைலோ பல்லைக் காட்டி உறுமியது. அப்பா அன்றைக்கே முடிவு செய்தார்: "போதும். சனிக்கிழமை திருப்பிக் கொடுத்திடலாம்."

யாரும் பேசவில்லை. பேசியது பாட்டி.

"பாண்டவங்க கடைசியா இமயமலைக்கு நடந்து போனப்ப, ஒரு நாயும் கூடவே போச்சு. மனைவி விழுந்தா, தம்பிங்க ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. தருமரும் நாயும்தான் மிச்சம். இந்திரன் தேர் கொண்டு வந்து, 'நீ ஏறு, நாய்க்கு இடமில்லை'ன்னான். நம்பி வந்ததை விட்டுட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம்னு தருமர் நின்னுட்டார். அப்புறம்தான் தெரிஞ்சது, நாயா வந்தது தர்மதேவதைன்னு. அதுகூட தானா பின்னால வந்த நாய்ப்பா. இதை நாமதானே போய்க் கூட்டிட்டு வந்தோம்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தப் பாடத்தின் மையம். தானாக வந்ததற்கே அவ்வளவு கடமை என்றால், நாமே தேர்ந்தெடுத்து அழைத்து வந்ததற்கு எவ்வளவு?

அப்பா உடனே மாறவில்லை. "சரி, டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்போம்" என்றார். அதுவே பெரிது.

மருத்துவர் சொன்னது

கால்நடை மருத்துவர் முதலில் தம்பியைத்தான் திருத்தினார். உறுமல் என்பது எச்சரிக்கை. 'கிட்ட வராதே' என்று நாய் சொல்லும் விதம் அது. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். சாப்பிடும்போது தட்டைத் தொடவே கூடாது. வாலை ஒடுக்குவது, முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, இவையும் பயத்தின் அடையாளங்களாக இருக்கலாம். அப்போது விலகி நிற்க வேண்டும்.

அதன்பின் வீட்டில் ஒரு அட்டவணை ஒட்டினோம்.

1. காலை ஆறரைக்கு நான் நடக்க அழைத்துப் போவேன். களைத்த நாய் குறைவாகக் குரைக்கும். வெயில் ஏறியபின் தார் சாலை பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

2. அப்பா தூங்கும் நேரத்தில் மைலோவுக்கு வீட்டின் பின்பக்கம், வாசல் தெரியாத இடம்.

3. சாமி அறைக்குக் குட்டைக் கதவு. பாட்டியின் சட்டம் எல்லாருக்கும் சட்டம்.

4. வெளியே சிறுநீர் கழித்தால் உடனே பாராட்டும் ஒரு துண்டு கோழியும். உள்ளே கழித்தால் திட்டு இல்லை, துடைத்துவிட வேண்டும்.

5. சாக்லேட், திராட்சை, வெங்காயம் கொடுக்கக் கூடாது. இவை நாய்க்கு நஞ்சு. பெயர்தான் மைலோ, குடிக்க மைலோ கிடையாது!

தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நாயை எடுக்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நகராண்மைக் கழகத்தின் உரிமமும் எடுக்க வேண்டும். அடுக்குமாடி வீடு என்றால் நாய்க்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தை சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக அரிது. சரவாக்கில் 2017 முதல் அந்நோய் உயிர்களைப் பறித்திருக்கிறது.

பக்கத்து வீடு

எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் நல்லவர். நாய் தன்னைத் தொடுவது அவர் சமயப் பழக்கத்துக்கு ஒத்துவராது. அம்மா நேரில் போய்ச் சொல்லி, "தொந்தரவு இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க" என்றார். மைலோவைக் கயிறில்லாமல் வெளியே விடுவதில்லை. கழிவை உடனே எடுத்துவிடுகிறோம். நம் அன்பு அடுத்தவருக்குச் சங்கடமாகிவிடக் கூடாது.

தீபாவளி

மூன்று மாதம் நெருங்கும்போது தீபாவளி வந்தது. முதல் வெடிச் சத்தத்திலேயே மைலோ நடுங்கியது. சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் போட்டு, உள் அறையில் வைத்தோம். தம்பி அந்த வருஷம் மத்தாப்போடு நிறுத்திக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. இரவு வேலைக்குக் கிளம்பிய அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்தார். மைலோ எழுந்து வந்து அவர் காலில் தலையை வைத்தது. "பத்து நிமிஷம் லேட்டா போனா பரவால்ல" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. கடிக்கும் ஆபத்து உண்மையாகவே இருந்தால், மருத்துவரிடம் கேட்டு, காப்பகத்திடமே ஒப்படைப்பது பாவமில்லை. தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டு வருவதுதான் பாவம். விலங்குகளை வதைத்தால் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

கலந்து பேசுவோம்

1. தருமர் தேரில் ஏறியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? பின் ஏன் மறுத்தார்?
2. உங்கள் வீட்டில் நாய் வந்தால் யாருடைய வேலை கூடும்? அவரிடம் கேட்டீர்களா?
3. நீங்கள் ஏற்றுக்கொண்டு பாதியில் விட்ட பொறுப்பு எது?

இந்த மாதச் செயல்: வீட்டில் ஓர் உயிருக்கு, செடியானாலும் சரி, முப்பது நாள் தவறாமல் நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள். முடிந்தால் நாய் பற்றி அடுத்த மாதம் பேசலாம்.