மாற்று மூட்டு எத்தனை காலம் உழைக்கும்?

கிட்வாய் நகருக்குப் பக்கத்தில் எய்ம்ஸ், சப்தர்ஜங் என்று இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ளன. இடுப்பு வலியோடு அங்கே வருபவர்கள் எல்லோரும் வயதானவர்கள் அல்ல. முப்பது வயதுக்காரர்களும் உண்டு.

நம் இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும் போன்றது. தொடை எலும்பின் தலைதான் பந்து. இடுப்பு எலும்பில் உள்ள குழிதான் கிண்ணம். விபத்தால் இது கெடலாம். மூட்டு வாதத்தால் கெடலாம். ரத்த ஓட்டம் நின்று, பந்தின் எலும்பு செத்துப் போகலாம். அதிகக் குடியும், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தும் இதற்குக் காரணமாகலாம். அப்போது இளம் வயதிலேயே செயற்கை மூட்டு பொருத்த வேண்டி வருகிறது.

செருப்பும் மூட்டும்

ஒரே நாளில் இரண்டு பேர் செருப்பு வாங்கினார்கள். ஒருவர் வீட்டிலேயே இருப்பவர். மற்றவர் தெருத்தெருவாகக் காய்கறி விற்பவர். யாருடைய செருப்பு முதலில் தேயும்?

செயற்கை மூட்டும் அப்படித்தான். இளம் வயதினர் அதிகம் நடக்கிறார்கள். சுமை தூக்குகிறார்கள். இன்னும் பல ஆண்டுகள் வாழப் போகிறார்கள். அதனால் மூட்டு அதிகம் தேய்கிறது.

தேயும்போது நுண்ணிய துகள்கள் உதிர்கின்றன. அவை பக்கத்து எலும்பை மெல்ல மெல்ல அரிக்கச் செய்கின்றன. பிறகு மூட்டு ஆடத் தொடங்குகிறது. அப்போது மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் என்ற பொருளில் கிண்ணம் செய்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. 1962-இல் உறுதியான பிளாஸ்டிக்கில் செய்தார். அது நிலைத்தது. இன்றைய பிளாஸ்டிக் இன்னும் குறைவாகவே தேய்கிறது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது: 100 மாற்று மூட்டுகளில் சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் உழைக்கும். இது எல்லா வயதினருக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. 2017-இல் பிரிட்டனில் வந்த ஆய்வு வயதைப் பிரித்துப் பார்த்தது. எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களில் 100-க்குச் சுமார் 5 பேருக்கே மறு ஆபரேஷன் தேவைப்படும். ஐம்பது வயதை ஒட்டி மாற்றிய ஆண்களில் 100-க்கு 35 பேர் வரை தேவைப்படலாம்.

காணாமல் போன நோயாளிகள்

ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டிபியூ கம்பெனி, ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டை விற்றது. அதில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். உரசும்போது உலோகத் துகள்கள் உடம்பில் கலந்தன. பலருக்கு ஐந்து ஆண்டுக்குள்ளேயே மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் கம்பெனி அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் இந்த மூட்டு பொருத்தப்பட்டது. 2017-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று குழு சொன்னது. ஆனால் அதுவரை கண்டுபிடிக்க முடிந்தவர்கள் 1,100 பேருக்கும் குறைவு. மற்றவர்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை.

தன் உடம்பில் இருப்பது எந்த மூட்டு என்று தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

மூட்டு வரும் பெட்டியில் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் கம்பெனியின் பெயர், மூட்டின் பெயர், எண் எல்லாம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். வீடு மாறினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன காலத்தில் எக்ஸ்ரே எடுங்கள். தேய்மானம் தொடக்கத்தில் வலிக்காது. தொடையிலோ இடுப்பிலோ புதிதாக வலி வந்தால் உடனே போங்கள்.

பயந்து ஆபரேஷனைத் தவிர்க்க வேண்டாம். நடக்க முடியாதவரை அது நடக்க வைக்கிறது. தெரிந்து செய்துகொள்வதே நல்லது.

நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

1. எனக்கு எந்த மூட்டு பொருத்துவீர்கள்?
2. பந்து எதனால் ஆனது? கிண்ணம் எதனால் ஆனது?
3. நான் என்ன வேலை செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது?
4. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும்?

பதில் சொல்லுங்கள்

1. இளம் வயதினரின் மூட்டு ஏன் அதிகம் தேய்கிறது?
2. ஒட்டுச்சீட்டில் என்ன என்ன இருக்கும்?
3. உங்கள் வீட்டு மருத்துவச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன? இன்று எடுத்துப் படித்துப் பாருங்கள்.