ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடமா?

கேள்வி: 2010 ஜூன் 12 அன்று விடியற்காலையில் பேரணி பக்கத்தில் தண்டவாளத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அப்போது நடுவழியில் நிறுத்தப்பட்ட மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் என் அம்மா இருந்தார். இன்றைக்கும் ரயில் விழுப்புரம் தாண்டினால் கண்ணை மூட மாட்டார். “அத்தனை பேரைக் கொல்லப் பார்த்தவர்களைத் தூக்கில் போடாமல் ஆயுள் தண்டனை கொடுத்துச் சோறு போடுவார்களா? பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்கள்” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயங்கரவாதிகளுக்குத் தூக்கா, ஆயுளா? உங்கள் கருத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்.
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: அம்மாவின் கோபம் நியாயமானது. குண்டு வெடித்த அந்த வாரம் திண்டிவனம் கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்காக நான் பாசஞ்சரில் போனேன். முண்டியம்பாக்கம் தாண்டி பேரணிக்கு அருகிலுள்ள சித்தணி பக்கம் வந்ததும் பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. ஆளாளுக்கு ஜன்னலில் குனிந்தோம். துருவேறிய பழைய தண்டவாளத்துக்கு நடுவே மாற்றிப் போட்ட துண்டு மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாமி பெயரைச் சொன்னார். முன்னால் போன சேலம் எக்ஸ்பிரஸின் கார்டு சத்தம் கேட்டுத் தகவல் சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பெட்டியில் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தைத் தகர்த்தபோது கவிழ்ந்ததும் இதே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான். அன்று 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பேரணியில் கிடந்த துண்டுச் சீட்டுகள் அன்றைய இலங்கை அதிபர் ராஜபக்சேயின் இந்திய வருகையைக் கண்டித்தன. ஈழத்தில் நடந்ததற்கு நியாயம் கேட்க, தூங்கிக்கொண்டிருந்த பயணிகளைப் பலி கொடுக்கத் துணிந்தவர்களிடம் எனக்குத் துளியும் இரக்கம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, சட்டம். பயணிகளின் உயிருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே தண்டவாளத்தைச் சேதப்படுத்தினால், ஒருவரும் சாகாவிட்டாலும் ரயில்வே சட்டத்தின் 150வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். கொல்லும் நோக்கத்தோடு செய்து உயிர் போனால் தூக்கு அல்லது ஆயுள். உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திலும் அப்படித்தான்: பயங்கரவாதச் செயலில் உயிர்ப்பலி இருந்தால் தூக்கு அல்லது ஆயுள், இல்லையென்றால் ஐந்து ஆண்டிலிருந்து ஆயுள் வரை.

“பதினாலு வருஷம்” என்ற பேச்சை நான் கேட்காத நாளில்லை. கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, போலீஸ்காரர்களே சொல்வார்கள். ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை சிறை. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை பதினான்கு ஆண்டு முடியும் முன் அரசு விடக்கூடாது என்பதுதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு. இப்போதைய சட்டத்தில் அது 475. பதினான்கு என்பது கதவைத் தட்டும் உரிமை கிடைக்கும் வருடம், கதவு திறக்கும் வருடம் அல்ல. அந்தத் தட்டலையும் நீதிமன்றம் தடுக்கலாம். ராஜீவ் கொலை வழக்கின் ஸ்ரீஹரன் தீர்ப்பில், 2015 டிசம்பர் 2 அன்று, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிசெய்தது. தூக்குக்குப் பதிலாக, தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம். சிபிஐ விசாரித்த வழக்கில் மத்திய அரசு சம்மதிக்காமல் மாநில அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கவும் முடியாது என்றது.

என் கருத்தைக் கேட்டீர்கள். பயங்கரவாத வழக்கில் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானால் குறைப்பில்லாத ஆயுள். தூக்கு வேண்டாம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு சாதாரணக் கொள்ளை வழக்கு என்னிடம் வந்தது. எந்தக் காவல் நிலையம் என்பது வேண்டாம். இரண்டு பேர், வேறு வேறு நாளில் கொடுத்ததாக இரண்டு ஒப்புதல் வாக்குமூலங்கள். இரண்டிலும் திண்டிவனம் என்பது ‘திண்டிவணம்’ என்று, அதே இடத்தில், அதே மூன்றுசுழி ணகரத்தோடு எழுதியிருந்தது. இருவரில் ஒருவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. நகை காணாமல் போன வழக்கிலேயே இப்படி என்றால், நாடே கொதிக்கும்போது ஒரு விசாரணை அதிகாரியின் மேல் எத்தனை அழுத்தம் இருக்கும்? சாதாரண வழக்கில் போலீசிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. தடா, பொடா, மகாராஷ்டிரத்தின் மோக்கா போன்ற சிறப்புச் சட்டங்கள் அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிட்டன.

விளைவு என்ன? அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு. குஜராத் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூவர் உட்பட ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. மும்பை ரயில்களில் 2006 ஜூலை 11 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து பேருக்குத் தூக்கும் ஏழு பேருக்கு ஆயுளும் விதிக்கப்பட்டது. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. அந்தத் தீர்ப்பே நின்றால், உண்மையில் குண்டு வைத்தவர்கள் பத்தொன்பது வருடமாக நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ரயில்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

நம் பக்கத்து உதாரணம், ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன். பத்தொன்பது வயதில் கைதானார். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல்தான் வாய் திறந்தார். எதற்காக அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன வாக்கியத்தைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். குறித்த நாளில் தூக்கில் போட்டிருந்தால், அதைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார்.

தூக்குக்கு நாள் குறித்த அந்த 2011 ஆகஸ்ட் மாதம் மாநிலம் முழுக்க வழக்கறிஞர்கள் போராடினோம். நானும் கோஷம் போட்டேன், அதற்கு வருத்தமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்த காவலர்களின் பெயரை எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே ஒரு பெயரும் தெரியாது. அது இன்றும் உறுத்துகிறது. கயிறு தொங்கும்போது ஊரின் கண்ணெல்லாம் கயிற்றின் மேல்தான். பலியானவர்கள் பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள்.

தூக்கு இருந்தால் பயம் வரும் என்பார்கள். ராஜீவைக் கொன்ற தனு உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கொலையைத் திட்டமிட்ட சிவராசன் கும்பல் கழுத்தில் சயனைடு குப்பியோடு திரிந்தது. அவர்களிடம் தூக்குக் கயிறு என்ன பயத்தைக் காட்டும்?

மறுதரப்பில் ஒரு வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை: பயங்கரவாதியை உயிரோடு வைத்திருந்தால் அவனை மீட்க இன்னொரு விமானத்தைக் கடத்துவார்கள். 1999 டிசம்பரில் கந்தஹாரில் நடந்தது அதுதான். ஆனால் அங்கே விடுவிக்கப்பட்ட மசூத் அசார் 1994இல் பிடிபட்டவர். ஐந்து வருடம் கழித்தும் எந்த நீதிமன்றமும் அவருக்குத் தூக்கு விதித்திருக்கவில்லை. அங்கே தேவைப்பட்டது வேகமான விசாரணை. 2015இல் சட்ட ஆணையம் தன் 262வது அறிக்கையில் மற்ற குற்றங்களுக்குத் தூக்கை ஒழித்துவிட்டு, பயங்கரவாதத்துக்கும் தேசத்துக்கு எதிரான போருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. தவறு நேர வாய்ப்பு அதிகமுள்ள இடத்திலேயே திருத்த முடியாத தண்டனையை வைக்கச் சொல்வது எனக்கு ஏற்பில்லை.

இனி அம்மாவின் பயம். சிறையிலிருப்பவரை அரசு சட்டத்தை மீறி விடுவித்தால் பாதிக்கப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. பில்கிஸ் பானு வழக்கில் பதினொரு ஆயுள் கைதிகளை குஜராத் அரசு 2022 ஆகஸ்டில் விடுவித்தது. பாதிக்கப்பட்ட பில்கிஸ் பானுவே உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஜனவரி 8 அன்று அந்த விடுதலை ரத்தானது. இரண்டு வாரத்துக்குள் பதினொரு பேரும் சிறைக்குத் திரும்பினார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.