தூய கணிதமும் பிரயோக கணிதமும்: மாணவர் மனப்பாங்கு

கணித ஆசிரியர் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியனாகிய யான் எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். ஆயின், “இஃது எதற்குப் பயன்படும்?” என்னும் வினா கணித வகுப்பிற்கு மாத்திரம் உரியதன்று, புணர்ச்சி விதி கற்பிக்கும் வகுப்பிலும் அடிக்கடி எழுவதே. அவ்வினாவை எதிர்கொள்ளும் கடமை எல்லா ஆசிரியர்க்கும் பொதுவாதலின் இக்கட்டுரை வரையத் துணிந்தேன்.

நம் பழைய மாணவர் பலர் உயர்தர வகுப்பிலே தூய கணிதத்தையும் பிரயோக கணிதத்தையும் இருவேறு பாடங்களாகக் கற்றவர்கள். 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து அவை இணைந்த கணிதம் என்னும் ஒரே பாடமாயின. எனினும் வினாப்பத்திரம் இரண்டாகவே உளது. மாணவர் மனமும் அவ்வாறே பிளவுபட்டுள்ளது. விசையும் வேகமும் கண்ணெதிரே உள்ளவை, ஆதலின் பிரயோக கணிதமே பயனுடையது, ஏனையது வெறுங் குறியீட்டு விளையாட்டு என்பர் ஒரு சாரார். தூய கணிதமே அறிவுக்கு உரியது, கப்பியும் சாய்தளமும் கைத்தொழிலாளர்க்கு உரியவை என இகழ்வர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் பொருந்தா.

முதலிற் பிரயோக கணிதத்தை நோக்குவோம். “இலேசான நீளா இழையொன்று ஒப்பமான கப்பியின் மேலாகச் செல்கின்றது” எனக் கணக்குத் தொடங்குகின்றது. இத்தகைய இழையை எக்கடையில் வாங்கலாம்? நம் வீட்டுக் கிணற்றுக் கயிறு பாரமுடையது. நனைந்தாற் பாரங் கூடும். இழுத்தாற் சிறிது நீளும். கப்பியோ உராய்ந்து ஓசையிடும். இவற்றையெல்லாம் நீக்கிய பின்னரே சமன்பாடு எழுத முடிகின்றது. அவ்வாறு நீக்குதலே அருவமாக்கல். எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என அறிதலே இப்பாடத்தின் உயிர். கிணறு ஆழமாகிக் கயிற்றின் பாரம் வாளியின் பாரத்தோடு ஒப்பிடத்தக்கதாயின் “இலேசான” என்னுஞ் சொல்லை வெட்டிவிடல் வேண்டும். அதனை உணராது சூத்திரத்தில் எண்களைப் பெய்பவன் பிரயோகம் கற்றவன் ஆகான்.

இனித் தூய கணிதம். 10 என்னும் எண்ணை, பெருக்கம் 40 ஆகுமாறு இரு கூறாக்குக என்னுங் கணக்கை இத்தாலியரான கார்டானோ 1545இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்கொண்டார். மெய்யெண்களுள் இதற்கு விடையில்லை. 10இன் இரு கூறுகளின் பெருக்கம் 25இன் மேற் செல்லாது. அவரோ மறை 15இன் வர்க்கமூலத்தை 5உடன் ஒருமுறை கூட்டியும், 5இலிருந்து ஒருமுறை கழித்தும் இரு கூறுகளை அமைத்தார். அவற்றைப் பெருக்கினால் 25உம் 15உம் சேர்ந்து 40 வருதலை மாணவர் தாமே செய்து காணலாம். இது நுண்ணியதாயினும் பயனற்றது என்றே கார்டானோ கருதினார். 348 ஆண்டுகள் கழிந்தன. 1893இல் ஸ்ரைன்மெற்ஸ் என்னும் மின்பொறியியலாளர் ஆடலோட்ட மின்சுற்றுக்களைக் கணிக்க இவ்வகைச் சிக்கலெண்களையே கையாளும் முறையை விளக்கினார். அச்சுற்றுக்களில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெரும்பாலும் ஒரே கணத்தில் உச்சம் எய்துவதில்லை. அளவையும் இம்முந்துபிந்தலையும் ஒருங்கே தாங்கச் சிக்கலெண் ஒன்றே போதுமாயிற்று.

இதன் மறுதலையும் உண்டு. திண்பொருளில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்த போரியே 1822இல் வெளியிட்ட நூலிலே சைன், கோசைன் தொடர்களைப் பெரிதும் கையாண்டார். அத்தகைய தொடர்கள் பற்றிய வினாக்களை ஆராய்ந்த கான்ரர், 1870களில் முடிவில் தொடைகளின் கொள்கைக்கு அடிகோலினார். வெப்பத்தில் தொடங்கிய வழி முடிவிலியிற் சென்று சேர்ந்தது.

ஆயினும், ஒவ்வொரு தேற்றமும் ஒருநாட் பயன்தரும் என மாணவனுக்கு வாக்களித்தல் நேர்மையன்று. சில பயன்படாமலே போகலாம். நிறுவலின் பயனோ அன்றே கைகூடுவது. வேறு பாடங்கள் பலவற்றில் ஆசிரியர் சொல்லை நம்பியே மாணவன் ஏற்க நேரும். நிறுவல் கற்ற சிறுவனோ ஆசிரியரின் பிழையைக் கரும்பலகையிலேயே காட்ட வல்லன். சிறியவன் பெரியவரோடு சமமாய் நிற்கக்கூடிய இடம் அது. “பரீட்சைக்கு வரும், பாடமாக்கு” என்று நாம் கூறும்போது அவ்வுரிமையையே அவனிடமிருந்து பறிக்கின்றோம்.

மாணவர்காள்! “எதற்குப் பயன்படும்?” என்று கேட்பதை விடாதீர்கள், அதனோடு “எவ்வாறு உண்மையாகும்?” என்பதையுங் கேளுங்கள். பொறியியலாளராயும் நில அளவையாளராயும் கணக்காளராயும் பணிபுரியும் பழைய மாணவர்கள் ஆண்டில் ஒருநாளேனும் வகுப்பறைக்கு வருதல் வேண்டும். கற்றவற்றுள் எது தொழிலிற் கைகொடுத்தது, எது தொழிலிற் பயன்படாவிடினும் சிந்தையைச் செம்மை செய்தது என்பதை உள்ளவாறு உரைப்பாராயின், இந்த யூபிலி ஆண்டிற் கல்லூரி பெறும் நன்கொடைகளுள் அதுவும் சிறந்ததொன்றாகும்.