மூட்டு விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்வதே பெரிய மனசு. முழங்காலின் மூன்று எக்ஸ்ரே படம், பெங்களூர் கிளினிக்காரர்கள் எழுதிக் கொடுத்த பேக்கேஜ் சீட்டு, கீழே “மாமா, ஊசியா, ஆபரேஷனா?” என்று ஒரே வரி. உன் அம்மா, அதாவது என் அக்கா, இப்போது பஸ் படி ஏறுகிறாளா, ராத்திரி வலியில் விழித்துக்கொள்கிறாளா, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறதா? ஒன்றையும் காணோம். ஓசூர் சிப்காட்டில் மெஷின் நின்றுபோனால் இதைவிட ஒழுங்காக ரிப்போர்ட் எழுதுவாய் என்று நம்புகிறேன்.

உனக்கு மட்டும் போனில் சொல்லி முடித்திருக்கலாம். ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் வரை இதே கேள்வியை வைத்துக்கொண்டு நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் ஊரறிய எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நான் டாக்டர் இல்லை, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவன், அவ்வளவுதான்.

மூட்டுத் தேய்மான வைத்தியத்தில் நம்பக்கூடியவை இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. ஆரம்பத்தில் உடற்பயிற்சி, அதற்குக் காசே வேண்டாம். கடைசியில், வேறு வழி இல்லாதபோது, மூட்டு மாற்று அறுவை. இரண்டுக்கும் நடுவில்தான் ஊசி, பவுடர், பெல்ட் எல்லாம். நம்மூர் தக்காளி மண்டியில் விளைவித்தவனுக்கும் வாங்கித் தின்கிறவனுக்கும் இடையில் நிற்பவர் கையில் காசு தங்குமே, இங்கேயும் அதே கதை. உன் பேக்கேஜ் சீட்டு அந்த நடுவிலிருந்து வந்தது.

முதலில் எக்ஸ்ரே. “கிரேடு மூணு” என்று யாரோ பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து நீ மிரண்டுவிட்டாய். இந்தக் கிரேடு கணக்கு 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் போட்டது, பூஜ்யத்திலிருந்து நாலு வரை. மூட்டில் தேய்வது குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். அதுவும் நிற்கவைத்து எடுத்த படமாக இருக்க வேண்டும், படுக்கவைத்து எடுத்தால் இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியலாம். அக்காவை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசத் தெரிந்த ஊர் நம்முடையது, டாக்டரிடம் மட்டும் எந்த மொழியிலும் வாய் திறப்பதில்லை.

குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. வலி அதைச் சுற்றியுள்ள எலும்பு, மூட்டு உறை, தசைநார் இவற்றிலிருந்து வருகிறது. அதனால்தான் கிரேடு நாலை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு, கிரேடு இரண்டில் கட்டிலோடு கிடக்கிறவர்களும் உண்டு. படத்தைப் பார்த்து மட்டும் ஆபரேஷன் முடிவு செய்யக்கூடாது.

இன்னொன்று. இது நம் பக்கத்துக்கே உரியது, பெங்களூரில் கேட்காமல் விட்டுவிடலாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஃபுளோரைடு பூமி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் கடன், 2013இல்தான் தொடக்க விழா. அதற்கு முன்னால் அக்கா எத்தனை வருஷம் போர் தண்ணீர் குடித்தாள்? லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பல வருஷம் அதிகமாக உடம்பில் ஏறினால் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து முதுகு, கழுத்து, மூட்டு எல்லாம் இறுகிப்போகும், வலி பார்ப்பதற்கு மூட்டுத் தேய்மானம் போலவே இருக்கும். முழங்காலோடு கழுத்தும் முதுகும் வளையவில்லை என்றால், சின்ன வயசிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை இருந்தால், டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தை நீயாகச் சொல். முன்கையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் பல நேரம் பிடிபட்டுவிடும். அது இருந்தால் முழங்காலை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டினால், கை விரல் மூட்டுகளும் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம், வைத்தியமே வேறு. காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, அன்றே ஆஸ்பத்திரி.

சரி, தேய்மானம்தான் என்று வைத்துக்கொள். உடற்பயிற்சி என்றதும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். “விடிகாலையில் பூப் பறிக்கிறா, பகலெல்லாம் தக்காளி தரம் பிரிக்கிறா, அவளுக்கு என்ன மாமா எக்சர்சைஸ்?” குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்யும் வேலை மூட்டுக்குப் பாரம், தொடைக்குப் பலம் இல்லை. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலி வந்ததும் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறோம், தசை இளைக்கிறது, தாங்க ஆள் இல்லாமல் வலி கூடுகிறது. அக்காவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல். ஒரு காலை மெல்லத் தூக்கி முழங்கால் நேராகும் வரை நீட்டி, தொடை கல்லாக இறுகுகிறதா என்று அவள் கையாலேயே தொட்டுப் பார்க்கட்டும். ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்கி, இப்படிப் பத்துத் தடவை, பிறகு மறு கால். காலையும் மாலையும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. மறுநாள் வரை நீடித்தால் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று மாதம் ஆகும் பலன் தெரிய. பதினைந்தாம் நாள் “ஒண்ணும் கேக்கல” என்று அவள் நிறுத்துவாள், நீயும் விட்டுவிடுவாய். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று சொல்லாதே. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் சேர்த்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடு.

எடையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் சுமார் நாலு கிலோ பாரம் குறைவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். “அம்மாவுக்கு அப்படி ஒண்ணும் எடை இல்ல” என்பாய். பொங்கலுக்கு நானும் வந்திருந்தேன், மாப்பிள்ளை. களி உருண்டையைக் குறை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீயே சொல்.

வலிக்கு முதலில் டைக்ளோபெனாக் ஜெல். முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் தடவினால் உள்ளே போகும், இடுப்பு மூட்டுக்கு அவ்வளவாகப் போகாது. மெடிக்கல் ஷாப்பில் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் வலி மாத்திரைக்குத்தான் நான் பயப்படுகிறேன். அக்கா பிரஷருக்கு மாத்திரை போடுகிறாள், அதோடு இதைத் தினமும் போட்டால் சிறுநீரகம் வாங்கிக்கட்டிக்கொள்ளும், வயிறும் புண்ணாகும். சந்தையில் கிடைக்கும் பெயரில்லாத மூட்டுவலிப் பொடி இன்னும் மோசம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுகமாக இருக்கும், தேய்ந்தது வளராது.

இனி உன் ஊசி. அவள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் அதிகமுள்ள பகுதியை மூட்டில் போடுவது பிஆர்பி. “குருத்தெலும்பு வளரும்” என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் சோதித்தார்கள், பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2021இல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பிலும் இல்லை. இருந்தும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டதே என்பாய். உப்புநீர் போட்டவர்களுக்கும்தான் கேட்டது! ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருஷம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகவே தேய்ந்தது என்று 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குளுக்கோசமைன் பவுடரையும் 2006இல் 1,583 பேரிடம் பார்த்துவிட்டார்கள், மொத்தத்தில் வெறும் மாத்திரையைவிடச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மூட்டில் துளை போட்டுக் கழுவிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை. மூன்று, நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தூக்கம் கெடுகிறது, கடைக்கு நடக்க முடியவில்லை என்றால் அதைத்தான் செய்ய வேண்டும். கால் வளைந்து தொடை முழுக்க இளைத்த பிறகு கொண்டுபோனால் தேறுவது கஷ்டம், அதனால் ரொம்பவும் தள்ளிப் போடாதே. எத்தனை நாள் உழைக்கும் என்றா? 25 வருஷம் கழித்தும் நூற்றுக்கு 82 மூட்டுகள் வேலை செய்கின்றன என்று 2019இல் லான்செட் இதழில் கணக்கு வந்தது. ஆனால் மாற்றிய பிறகும் பத்துப் பேரில் ஒருவர் இருவர் திருப்தி இல்லாமல் இருக்கிறார்கள், அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போ. இரண்டு காலும் ஒரே நாளில் வேண்டுமா என்பது இருதயம், சர்க்கரை எல்லாம் பார்த்து முடிவு செய்வது. வாஜ்பாயி பிரதமராக இருந்தபோதே 2000இல் இடது காலும் அடுத்த வருஷம் வலது காலுமாகத்தான் மாற்றிக்கொண்டார்.

பணத்துக்கு நிலத்தை அடமானம் வைக்கிற யோசனை இருந்தால் விடு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு போட்டது. சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு விற்ற சாதாரண வகை 54,720 ரூபாய்க்கு இறங்கியது, ஜிஎஸ்டி தனி. அது மூட்டின் விலை மட்டும், ஆஸ்பத்திரிச் செலவு வேறு என்பதால் பில்லில் மூட்டுக்குத் தனி வரி கேள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் அரசு மருத்துவமனையில் இந்த அறுவை நடக்கிறது. கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது, முதலில் அங்கே எலும்பு டாக்டரிடம் காட்டு. உன் சம்பளம் 21,000 வரம்புக்குள் இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் உன்னை நம்பி இருக்கும் அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. மாதாமாதம் பிடித்தத்தைப் பார்த்துப் புலம்புகிறாயே தவிர, அட்டையில் அவள் பெயரைச் சேர்த்தாயா?

ஆபரேஷனோ இல்லையோ, இந்த வாரமே செய்ய வேண்டியவை சில. கழிப்பறையில் உட்கார்கிற மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட் போடு, முடியாவிட்டால் ஓட்டை போட்ட ஸ்டூல் வாங்கு. தக்காளி பிரிக்க முக்காலி கொடு. வலது கால்தானே அதிகம் வலிக்கிறது? ஊன்றுகோல் இடது கையில் இருக்க வேண்டும், வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள்தான் ஊரெல்லாம். “கல்யாண வீட்டுக்குக் கோலோடு வரமாட்டேன்” என்று அக்கா அடம் பிடிப்பாள். நல்ல கனமான பிடி வைத்த நீளக் குடையாக ஒன்று வாங்கிக் கொடு, அடியில் ரப்பர் மாட்டி.

அன்புடன்,
மாமா