ஒரே தத்துவம், இரு பணிகள்

மின்கம்பி எட்டாத காட்டுப் பாதையில் ஒரு ஜீப்பின் இரும்புச் சட்டம் முறிந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். வெல்டிங் பட்டறைக்கு எங்கே போவது? ஆனால் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் வண்டியிலேயே இருக்கிறதே! அதைக் கொண்டு பற்றவைக்க முடியாதா? இதற்கு விடை காண்பதே நம் நோக்கம்.

கம்பிச் சுருளைக் கடக்கும் காந்தப்புலம் மாறினால் அதில் மின்சாரம் தூண்டப்படும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். நாம் பாடத்தில் படிக்கும் இத்தத்துவமே எல்லா மின்னியற்றிகளுக்கும் அடிப்படை. கார் ஆல்டர்னேட்டரில் ரோட்டார் என்னும் மின்காந்தத்தை எஞ்சின் பெல்ட்டின் மூலம் சுழற்றுகிறது. சுற்றியுள்ள சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் உண்டாகிறது. டயோடுகள் அதனை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன.

இதன் முதற்கடமை 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்வது. எஞ்சின் எவ்வளவு விரைந்து ஓடினாலும் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட்டிலேயே நிற்கவேண்டும். மிகுந்தால் பேட்டரியும் விளக்குகளும் கெடும். ரெகுலேட்டர் ரோட்டாரின் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் இதைக் காக்கிறது.

வெல்டிங்கின் தேவையோ வேறு. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெல்டிங் ராடுக்குச் சுமார் 100 ஆம்பியர் வேண்டும். அந்த அளவு தரும் கார் ஆல்டர்னேட்டர்களும் உண்டு. அப்படியானால் குறை எங்கே? ராடுக்கும் இரும்புக்கும் இடையே மின்வில் தொடர்ந்து எரிய 20 முதல் 30 வோல்ட் வேண்டும். அதனை எளிதில் மூட்டுவதற்கு 60 முதல் 80 வோல்ட் வரை இருப்பது நலம். 14 வோல்ட்டில் அது நிலைக்காது.

மேலும், வேலை செய்பவரின் கை சிறிது அசைந்தாலும் இடைவெளி மாறும். அப்போது மின்னழுத்தம் மாறலாம். மின்னோட்டம் பெரிதும் மாறக்கூடாது. கோலமிடும் கை சற்று ஏறி இறங்கினாலும் மாவு சீராக விழவேண்டும் அல்லவா? அதுபோலவே இதுவும். ஆக, கார் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைக் காக்கிறது. வெல்டிங் மின்னியற்றி மின்னோட்டத்தைக் காக்கிறது. இதுவே தலையாய வேறுபாடு.

வாகனங்களில் பொருத்தப்படும் வெல்டிங் மின்னியற்றிகள் இருவகைப்படும். முதல் வகை வண்டியின் எஞ்சினாலேயே ஓடும். வெல்டிங் வேளையில் அதன் மின்சாரம் பேட்டரிக்குச் செல்லாமல் தனிக் கம்பிகளில் செல்லும். எஞ்சின் வேகத்தைக் கூட்டி உயர்ந்த மின்னழுத்தம் பெறுவர். இரண்டாம் வகை தனி எஞ்சினுடன் லாரியில் ஏற்றப்படுவது. அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் பணியில் புகழ்பெற்ற லிங்கன் எஸ்.ஏ. 200 இவ்வகையைச் சேர்ந்தது. பெயரிலுள்ள 200 என்பது ஆம்பியர் அளவைக் குறிக்கும்.

வெப்பத்தையும் நாம் மறக்கலாகாது. ஓர் இயந்திரத்தின் ‘டியூட்டி சைக்கிள்’ 60 சதவீதம் என்றால், 10 நிமிடங்களில் 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு என்று பொருள். மீறினால் சுருள்கள் கருகும்.

எனவே சாதாரண ஆல்டர்னேட்டரைக் கொண்டு யாரும் இதனைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றினால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டயோடுகள் பழுதாகலாம். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறியே அதை வெடிக்கச் செய்யப் போதும். மின்வில்லின் புறஊதாக் கதிர்களோ, முகமூடி அணியாதவரின் கண்களைப் புண்படுத்தும்.

தத்துவம் ஒன்றாயினும் பணி வேறு. ஒவ்வொரு கருவியும் எப்பணிக்கு உரியது என்பதை அறிந்து பயன்படுத்துவோமாக!